வடநெம்மேலி விஷம் எடுக்கும் நிலையம்: இருளர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி ஒரு மதிப்புரை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிச் செல்வோர் வடநெம்மேலியில் இறங்குவது பெரும்பாலும் முதலைப் பண்ணையைப் பார்ப்பதற்காகத்தான். ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர் 1976-இல் தொடங்கிய அந்தப் பண்ணையின் வளாகத்துக்குள்ளேயே, தனி நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கவேண்டிய சிறிய இடம் ஒன்று உண்டு. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தின் விஷம் எடுக்கும் நிலையம் அது. முதலைகளைச் சுற்றிப் பார்த்துக் களைத்துப்போனவர்கள் பலர் இதைத் தவிர்த்துவிட்டு வெளியேறிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், நேரம் குறைவாக இருப்பவர்கள் முதலைகளை விரைவாகப் பார்த்துவிட்டு இங்கே கூடுதல் நேரம் செலவிடுவதே நல்லது. இயற்கைப் பாதுகாப்பு என்ற பெயரில் நாம் வழக்கமாகக் கேட்கும் சொற்பொழிவுகள் எவையும் இல்லாமல், அந்தப் பாதுகாப்பு அன்றாட வேலையாக நடப்பதை இவ்வளவு அருகிலிருந்து பார்க்கக்கூடிய இடங்கள் நம் மாநிலத்தில் அதிகம் இல்லை.

இடத்தின் அமைப்பு மிக எளிமையானது. தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிக் கட்டப்பட்ட மணல் பரப்பும் அதைச் சுற்றிப் பார்வையாளர்கள் நிற்பதற்கான இடமும் கொண்டது அது. உள்ளே வரிசையாக மண்பானைகள். ஒவ்வொரு பானையிலும் ஓரளவு மணல் நிரப்பி, வாயைப் பருத்தித் துணியால் மூடிக் கட்டியிருப்பார்கள். உள்ளே இருக்கும் பாம்பின் இனம், அது ஆணா பெண்ணா, பிடித்துவந்த நாள் எது என்ற விவரங்களைப் பானைவாரியாகக் குறித்து வைக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியும் குளிர்சாதனமும் எதிர்பார்த்து வருவோருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் மண்பானையைப் பாம்புக்கு ஏற்ற இருப்பிடமாகத் தேர்ந்தெடுத்ததில் தெளிவான காரணம் இருக்கிறது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சியும் இருட்டும் இருக்கும், காற்று துணி வழியே புகுந்து வெளியேறும், ஒரு பாம்பு இன்னொன்றைத் தொடாது. பாம்பு விரும்புவதும் ஏறக்குறைய இதே நிலைமைகளைத்தான்.

செயல்விளக்கம் தொடங்கும்போது ஒருவர் கையில் நீளமான கொக்கியோடு மணலில் இறங்கி, பானையின் துணியை அவிழ்த்து, பாம்பை வெளியே எடுத்து விடுகிறார். இங்கே கையாளப்படுபவை நான்கே இனங்கள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பாம்புக்கடியால் நேரும் சாவுகளில் மிகப் பெரும்பகுதிக்கு இந்த நான்கும்தான் காரணம் என்பதால் விஷமுறிவு மருந்தும் இவற்றுக்கு எதிராகவே தயாரிக்கப்படுகிறது. நல்ல பாம்பு படமெடுத்து நின்றவுடன் கூட்டம் ஆரவாரம் செய்கிறது. கண்ணாடி விரியன் குக்கர் ஆவியை வெளிவிடுவதுபோல் சீறும்போது கூட்டம் அமைதியாகிவிடுகிறது. சுருட்டை விரியனோ அளவில் சிறியது. உடலைச் சுருட்டிச் செதில்களை ஒன்றோடொன்று உரசி எழுப்பும் ஓசையைக் கேட்கக் காதைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும். கட்டுவிரியன் பகலில் தலையை உடலுக்கடியில் மறைத்துக்கொண்டு சோம்பிக் கிடக்கும். இந்த நான்கில் அச்சப்படவேண்டியது எது என்று குழந்தைகளைக் கேட்டால் எல்லாரும் நல்ல பாம்பையே காட்டுவார்கள். இரவில் தரையில் படுத்து உறங்குபவரைக் கடித்துவிட்டு, பெரிய வலியோ வீக்கமோ தெரியாமல் விடிவதற்குள் மூச்சை நிறுத்திவிடக்கூடியது அந்தச் சோம்பேறிக் கட்டுவிரியன்தான் என்று விளக்குபவர் சொல்லும்போது பெரியவர்களின் முகமும் மாறுகிறது.

விஷம் எடுப்பது சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. வாயில் மெல்லிய சவ்வு இழுத்துக் கட்டப்பட்ட கண்ணாடிக் குப்பியைப் பாம்பின் முன் நீட்டுகிறார்கள். தலைக்குப் பின்னால் பிடித்தபடி அதைக் கடிக்க வைக்கிறார்கள். பற்கள் சவ்வைத் துளைக்க, மஞ்சள் நிறத்தில் சில துளிகள் குப்பியின் அடியில் சேருகின்றன. அவ்வளவுதான். திரைப்படங்களில் காட்டப்படும் பரபரப்பு எதுவும் இல்லை. பிடித்திருக்கும் விரல்களின் அழுத்தத்தைத்தான் நான் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று தளர்ந்தால் கையாள்பவருக்கு ஆபத்து, சற்று இறுகினால் பாம்பின் மென்மையான கழுத்தெலும்புகளுக்குக் கேடு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்த அளவு பயிற்சிப் பாடமாக எழுதிக் கொடுக்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. தந்தையோடும் மாமனோடும் வரப்பு வரப்பாகச் சுற்றிய சிறு வயதிலேயே அது கைக்கு வந்திருக்க வேண்டும்.

இங்கே பாம்பைப் பிடித்து நிற்பவர்களின் முந்தைய தலைமுறையினர் பாம்பைக் கொன்றுதான் பிழைத்தார்கள் என்பதை அறியாமல் இந்த நிலையத்தை மதிப்பிட முடியாது. பழைய செங்கல்பட்டு மாவட்டப் பகுதியின் இருளர்கள் பாம்புத்தோல் வணிகத்துக்கு வேண்டிய பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தவர்கள். சாரைப்பாம்பின் தோலும் நல்ல பாம்பின் தோலும் கைப்பையாகவும் காலணியாகவும் மாறி வெளிநாடுகளுக்குப் போயின. பிடித்தவருக்குக் கிடைத்தது அற்பத் தொகை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. சட்டம் பாம்பைக் காப்பாற்றியது; அதே நாளில் ஒரு சமூகத்தின் வருமானத்தையும் பறித்தது. காட்டுக்குள் நுழைவதும் குற்றம், பாம்பைத் தொடுவதும் குற்றம் என்ற நிலையில், வேறு நிலமோ கல்வியோ இல்லாதவர்களுக்குக் கூலி வேலையும் அரிசி ஆலைக் கொத்தடிமையும்தான் எஞ்சியிருந்தன. இயற்கையைக் காக்கும் சட்டங்கள் இப்படி ஏழைகளின் தலையில் இறங்குவது நம் நாட்டில் புதிதல்ல. ஆனால் அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடாமல் போனதுதான் இங்கே காணவேண்டிய செய்தி.

அவர்களுடைய அறிவைத் தண்டிக்கக்கூடாது, அதற்கு வேறு வேலை கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில், விட்டேக்கரின் முயற்சியோடு 1978-இல் இந்தக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அடிப்படை ஏற்பாடு எளிமையானது. உறுப்பினர்கள் வனத்துறையின் அனுமதியோடு, ஒவ்வொரு இனத்திலும் ஆண்டுக்கு இத்தனை என்று வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையில் பாம்புகளைப் பிடித்து வருவார்கள். ஒரு பாம்பு ஏறத்தாழ 21 நாட்கள் பானையில் இருக்கும். வாரத்துக்கு ஒரு முறை என்ற கணக்கில் நான்கு தடவை விஷம் எடுக்கப்படும். பிறகு அது காட்டிலோ வயற்புறத்திலோ விடப்படும். விடுவதற்கு முன் வயிற்றுச் செதிலில் சிறிய அடையாளம் வெட்டிவிடுவார்கள். அந்த அடையாளத்தோடு இருக்கும் பாம்பு மீண்டும் கையில் சிக்கினால் அதை விட்டுவிட வேண்டும். பாம்பு சட்டை உரிக்க உரிக்க அடையாளமும் நாளடைவில் மறைந்துபோகும், அதற்குள் அதற்குப் போதிய ஓய்வு கிடைத்திருக்கும்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். தோல் வணிகத்தில் ஒரு பாம்பு ஒரே ஒரு முறைதான் காசு, கொன்றால்தான் காசு. விஷ வணிகத்தில் உயிரோடு இருக்கும் பாம்புக்குத்தான் மதிப்பு, அது திரும்பப் போய் எலியைத் தின்று குட்டி போட்டால் அடுத்த ஆண்டும் வேலை இருக்கும். வரப்பில் எலிவளை இருந்தால்தான் பாம்பு இருக்கும், ஏரிக்கரையும் புதர்க்காடும் இருந்தால்தான் வரப்பு வரப்பாக இருக்கும். ஆகவே இந்த மனிதர்களுக்கு நிலத்தைப் பற்றிய அக்கறை என்பது மேடையில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கும் நல்லெண்ணம் அல்ல. பாம்புகளைக் காப்பாற்ற வேண்டும் என்று நம்மில் பலர் சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு சின்ன ஐயம் உண்டு, ஏனென்றால் நம் வீட்டு வாசலில் ஒன்று வந்துவிட்டால் நாம் என்ன செய்வோம் என்பது நமக்குத் தெரியும். இங்கே அந்த ஐயம் எழவில்லை. எனக்கு நம்பிக்கை தந்தது அவர்களுடைய தைரியமோ திறமையோ மட்டும் அல்ல. ஒருவருடைய வயிற்றுப்பாடும் ஒரு பாம்பின் உயிரும் ஒரே கணக்கில் எழுதப்பட்டிருக்கும் அந்த ஏற்பாடே.

குப்பியில் சேரும் விஷம் உறையவைத்து உலர்த்தப்பட்டுத் தூளாக மாற்றப்படுகிறது. விஷமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்கள் அதை வாங்குகின்றன. குதிரைகளுக்கு மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து, அதைத்தான் மருத்துவமனையில் இரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்று கணித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமப்புறத்தவர்கள், உழவர்கள், கூலித் தொழிலாளர்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயமாகத் தெரிவிக்கவேண்டிய ஒன்றாக அறிவித்தது. இந்தப் பின்னணியில் பார்த்தால், நாடு முழுவதும் பயன்படும் மருந்துக்கான மூலப்பொருளின் மிகப் பெரும் பங்கு இந்த மண்பானைகளிலிருந்து பல பத்தாண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பது வியப்பை விடவும் கவலையைத் தருகிறது.

அந்தக் கவலைக்கு அறிவியல் அடிப்படையும் உண்டு. ஒரே இனத்துப் பாம்பின் விஷமும் ஊருக்கு ஊர் மாறுபடும். செங்கல்பட்டுப் பகுதிக் கண்ணாடி விரியனின் விஷத்தைக் கொண்டு தயாரித்த மருந்து, ராஜஸ்தானிலோ வங்காளத்திலோ கடிபட்டவருக்கு அதே அளவில் வேலை செய்யும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் உட்படப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைச் சங்கத்தின் குறையாகச் சொல்வது அநியாயம். தனக்கு அனுமதிக்கப்பட்ட மாவட்டங்களில் தனக்குத் தெரிந்த வேலையை அது செய்கிறது. மற்ற மாநிலங்களில் இதைப்போன்ற நிலையங்கள் வேரூன்றாமல் போனது நாட்டின் குறை. மற்றபடி, காட்டுப் பாம்பைப் பிடித்து அடைத்து மீண்டும் மீண்டும் விஷம் எடுப்பது பாம்புக்குத் துன்பம் அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். நாள் வரையறையும் எண்ணிக்கை வரையறையும் அதற்காகவே இருக்கின்றன. ஆயுள் முழுவதும் கூண்டில் வைத்து விஷம் எடுக்கும் முறையோடு ஒப்பிட்டால், மூன்று வாரம் பானையில் இருந்துவிட்டு வரப்புக்குத் திரும்பும் முறையே எனக்கு மேலானதாகப் படுகிறது. ஆனால் விட்டபின் அந்தப் பாம்புகள் எப்படி வாழ்கின்றன என்பதைத் தொடர்ந்து கண்காணிப்பது எவ்வளவு நடந்தாலும் போதாது என்பதும் என் கருத்து.

வேலையின் நிலையாமையையும் பேசியாக வேண்டும். அனுமதி தாமதமானால் அந்தப் பருவத்தில் வருமானம் தாமதமாகும். மருந்து நிறுவனங்கள் வாங்குவதைக் குறைத்தால் தூள் தேங்கும். ஏரிகளைச் சுற்றி மனைப்பிரிவுகள் பெருகும் செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் பாம்பு பிடிக்கும் வரப்புகளே ஆண்டுக்காண்டு குறைகின்றன. 300-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட சங்கத்தால் அந்தப் பகுதியின் இருளர் சமூகம் முழுவதையும் தாங்கிவிட முடியாது. சாதிச் சான்றிதழுக்கும் வீட்டுமனைப் பட்டாவுக்கும் இன்றும் அலையும் குடும்பங்கள் அந்தச் சமூகத்தில் ஏராளம். கடப்பாரையோடு வெயிலில் அலைவதைவிடத் தொழிற்சாலை வேலையே மேல் என்று இளைஞர்கள் நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சங்கத்தோடு தொடர்புடைய வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதைப் பலர் அறிந்திருப்பார்கள். 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்கு அவர்கள் அழைக்கப்பட்டது அதைவிடச் சுவையான செய்தி. அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் வளர்ப்புப் பிராணிகளாக வந்து தப்பிப் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் உள்ளூர்ப் பாலூட்டிகளையும் பறவைகளையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. கருவிகளாலும் போட்டிகளாலும் அவற்றைக் கண்டுபிடிக்கத் திணறிய இடத்தில், தடத்தையும் எச்சத்தையும் உரித்த சட்டையையும் பார்த்தே வழி சொல்லும் இவர்கள், முன்பின் பார்த்திராத நிலப்பரப்பில் சில நாட்களிலேயே பெரிய பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். ஆங்கிலமும் பட்டமும் இல்லாத இருவரிடம் அயல்நாட்டு வல்லுநர்கள் பாடம் கேட்ட அந்த நிகழ்வு, எது அறிவு என்ற நம் பழைய கணக்கைச் சற்றே அசைத்துப் பார்த்திருக்க வேண்டும். அசைத்ததா என்பது வேறு விஷயம்.

பக்கத்திலேயே இருக்கும் முதலைப் பண்ணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயனுள்ளது. அழிவின் விளிம்பில் இருந்த சதுப்புநில முதலைகளை அங்கே வெற்றிகரமாகப் பெருக்கினார்கள். ஆனால் பெருகியவற்றை விடுவதற்கு ஆறுகளிலும் ஏரிகளிலும் இடம் இல்லாமல் போனது. நெருக்கடி மிகுந்து, அண்மை ஆண்டுகளில் முதலைகள் குஜராத்தின் ஜாம்நகருக்கு மாற்றப்பட்டன. அக்கறையும் அறிவியலும் இருந்தும் நிலம் இல்லாவிட்டால் பாதுகாப்பு சுவருக்குள் நின்றுவிடுகிறது. சுவரைத் தாண்டி ஓர் உயிரைத் திரும்ப அனுப்பிவைக்கும் வேலை சில அடி தொலைவில் நடக்கிறது என்பதைக் கவனித்துவிட்டு இரண்டு இடங்களையும் பார்ப்பவர்களுக்கு, அந்த ஒரு வளாகமே பல பாடங்களைத் தரும்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். மாமல்லபுரம் செல்லும் பேருந்துகளில் ஏறி முதலைப் பண்ணை என்று சொன்னால் நடத்துநர் இறக்கிவிடுவார். சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். செயல்விளக்கம் நடக்கும் நேரத்தைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப முதலைகளைப் பார்க்கும் நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். முற்பகல் நல்லது, கோடையில் நடுப்பகலில் அந்த மணலும் சூடு, பார்ப்பவர்களின் பொறுமையும் சூடு. கைக்குழந்தையோடு வருபவர்கள் பின்வரிசையில் நிற்பது நல்லது. முன்னால் எட்டிப் பார்க்கும் பிள்ளைகளை, "தம்பி, கையை உள்ளே நீட்டாதப்பா" என்று விளக்குபவர் அடிக்கடி அன்போடு சொல்ல வேண்டியிருக்கிறது, அந்த வேலையைப் பெற்றோரே செய்தால் அவருடைய கவனம் பாம்பின் மேல் இருக்கும். செல்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுப்பதிலேயே முழு நேரமும் கழிந்தால் விரல்களின் வேலை கண்ணில் படாது.

விளக்கம் முடிந்ததும் உடனே கலைந்துவிடாமல் கேள்வி கேளுங்கள். பாம்பைப் பற்றிக் கேட்டால் சுருக்கமாகப் பதில் வரும், எலிவளையைப் பற்றிக் கேட்டால் முகம் மலர்ந்து நீண்ட பதில் வரும். வரப்பை வெட்டி எலி பிடித்து, அது சேர்த்துவைத்த நெல்லையும் எடுத்துக்கொள்ளும் வழக்கமும், மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மாவை வணங்க ஊர் ஊராக இருளர்கள் திரண்டு வருவதும் இந்த வேலையோடு பிரிக்க முடியாதவை. கடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: கடிவாயைக் கீறுவதோ உறிஞ்சுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, பதற்றப்படாமல், விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாக மூலிகை வைத்தியம் தெரிந்த சமூகத்தவர் ஒருவரே மருத்துவமனைக்குப் போ என்று அழுத்திச் சொல்லும்போது, மந்திரிப்பவரைத் தேடி ஓடும் உறவினர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல நமக்கும் ஒரு துணிவு வருகிறது. பள்ளிகளிலிருந்து மாணவர்களைக் கூட்டிச் செல்லும் ஆசிரியர்கள் இந்த ஒரு பகுதிக்காகவாவது நிகழ்ச்சி நிரலில் முக்கால் மணி நேரத்தைத் தனியாக ஒதுக்கிவைத்துக்கொள்வது நல்லது.